கைமாறும் டிஸ்க் எல்லார் வீட்டிலும் திறக்க வேண்டும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். விஷயம் ஹார்ட் டிஸ்க். "டீச்சர் போன வாரம் வரைக்கும் மாடியில் வெண்டைக்காய் காய்த்ததைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருந்தாங்க" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பாடம் யாரும் நடத்தவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேரனுடைய பழைய லேப்டாப்பில் நானாகக் கற்றுக்கொண்டதுதான். ஆனாலும் இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. இன்னொருவர் கைக்குப் போகப்போகிற டிஸ்கை உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற மாதிரி ஃபார்மேட் செய்து கொடுப்பது தப்பு. தெரியாமல் செய்தாலும் தப்புதான். எந்தக் கம்ப்யூட்டரில் போடப் போகிறாய் என்று கொடுக்கிறவர்தான் கேட்க வேண்டும்.

அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லபாக்கம் பிள்ளைகளில் சிலர் இப்போது சினிமா இசை வேலையில் இருக்கிறார்கள். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம், அங்கிருந்து சாலிகிராமம், வடபழனி என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போகிறார்கள். முதுகுப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் கட்டாயம் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று அத்தை, மாமாக்களுக்காகச் சொல்கிறேன். பம்பையில் ஒரு அடி, உடுக்கையில் ஒரு அதிர்வு, தவிலில் ஒரு வீச்சு, கொம்பில் ஒரு ஊதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். இதைத்தான் சாம்பிள் என்கிறார்கள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தப் பம்பை அடி கேட்கும். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பத்து விதமாகப் பதிவார்கள். அதனால் ஒரு வாத்தியத்துக்கே நூற்றுக்கணக்கில் ஃபைல் சேரும்.

என்னிடம் படித்த இரண்டு பேர் (பெயர் வேண்டாம், இரண்டு பேரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள்) சேர்ந்து காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் திருவிழா நேரத்தில் போய் இப்படிப் பதிவு செய்தார்கள். ஒருவன் ஸ்டூடியோவில் உதவியாளன், மேக் வைத்திருக்கிறான். இன்னொருவன் வீட்டிலேயே விண்டோஸ் லேப்டாப்பில் தாளம் கோர்த்துக் கொடுக்கிறவன். மேக்காரன் புது டிஸ்க் வாங்கி, மேக்கின் ஃபார்மேட்டில் அதைத் தயார் செய்து, எல்லாப் பதிவையும் அதில் போட்டு நண்பனிடம் கொடுத்தான். இவன் விண்டோஸில் சொருகியதும் "இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று திரையில் ஒரு கேள்வி. ராத்திரி இரண்டு மணி, காலையில் வேலையைக் கொடுத்தாக வேண்டும். புது டிஸ்க்தானே, ஒருமுறை இப்படிக் கேட்கும் போலிருக்கிறது என்று "சரி" கொடுத்துவிட்டான். டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பிறகு ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தார்கள். ஒலிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன, பெயர்கள் வரவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஃபைல்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்களோடு. பம்பையா கொம்பா என்று காதால் கேட்டுப் பிரித்துவிடலாம். எந்த ஊர் பம்பை, யார் ஊதிய கொம்பு? அதற்குப் பதில் இல்லை. கொம்பு ஊதியவர்கள் இரண்டு பேர். அதில் வயதானவர் போன தை மாதம் காலமாகிவிட்டார். அவருடைய மகள் போன் செய்து, "அப்பா ஊதினது உங்ககிட்ட இருக்குமே தம்பி, நினைவு நாளுக்குப் போடணும், அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். எதை அனுப்புவது? இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊதுவதற்கு முன் அந்தப் பெரியவர் இருமியதோ பேசியதோ எதிலாவது விழுந்திருக்குமா என்று தேடுகிறார்கள்.

இதில் சண்டை வேறு. "கண்ணை மூடிக்கிட்டு ஃபார்மேட் கொடுப்பானா டீச்சர்?" என்கிறான் ஒருவன். "திறக்காத பூட்டைப் போட்டுக் கொடுத்துட்டு என்னைச் சொல்றான் டீச்சர்" என்கிறான் மற்றவன். என் தீர்ப்பை இருவரிடமும் சொல்லிவிட்டேன். சரி கொடுத்தது அவசரம், கேட்காமல் கொடுத்தது அலட்சியம். அலட்சியத்துக்குத்தான் நான் அதிகக் குறை சொல்வேன்.

ஃபார்மேட் என்றால் என்ன? புது நோட்டில் எழுதும் முன் ஒரு பிள்ளை இரண்டு கோடு போடுவாள், ஒருத்தி நான்கு கோடு போடுவாள், இன்னொருத்தி கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போடுவாள். டிஸ்கும் அப்படித்தான். எந்த ஃபைல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று. விண்டோஸுக்கு என்.டி.எஃப்.எஸ்., 1993இல் வந்தது. மேக்குக்கு 1998 முதல் எச்.எஃப்.எஸ். பிளஸ், 2017 முதல் ஏ.பி.எஃப்.எஸ். விண்டோஸ் ஃபார்மேட் டிஸ்கை மேக்கில் போட்டால் படிக்க முடியும், ஆனால் தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுத முடியாது. மேக் ஃபார்மேட் டிஸ்கை விண்டோஸில் போட்டால் தனி மென்பொருள் இல்லாமல் படிக்கவே முடியாது. படிக்க முடியவில்லை என்பதை அது நாகரிகமாகச் சொல்லலாம். "இது எனக்குத் தெரியாத முறையில் எழுதப்பட்டிருக்கிறது, உரியவரிடம் கேளுங்கள்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதை விட்டுவிட்டு "அழித்துவிடட்டுமா" என்று கேட்கிறது. மேக்கும் இதில் உத்தமம் இல்லை. தெரியாத டிஸ்கைக் கண்டால் அதுவும் "இனிஷியலைஸ்" என்று ஒரு பொத்தானைக் காட்டும். அதை அழுத்தி, அங்கே அழிக்கவும் சொல்லிவிட்டால் இதே கதிதான். தெரியாத மொழியில் ஒரு நோட்டைக் கொடுத்தால் கிழித்துப்போடட்டுமா என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா?

அதனால் முதல் விஷயம். ஃபார்மேட், இனிஷியலைஸ் என்ற இரண்டு வார்த்தைகளில் எது கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிட்டு டிஸ்க் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் போடுங்கள்.

இனி யோசனை சொல்கிறவர்களைப் பார்ப்போம். என் அக்கா மகன் சொல்கிறான், டிஸ்கை இரண்டாகப் பிரித்து ஒன்றை மேக்குக்கும் ஒன்றை விண்டோஸுக்கும் கொடுத்துவிடலாமாம். இதற்குப் பெயர் பார்டிஷன், தமிழில் பாகப்பிரிவினை. நம் ஊர் பெயர் அஸ்தினாபுரம். பங்காளிகளுக்குள் பாகம் பிரித்த கதை எங்கே போய் முடிந்தது என்று நமக்கா தெரியாது? பிரித்த பிறகும் மேக் பக்கத்தில் இருப்பது விண்டோஸ்காரன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பக்கத்தை ஃபார்மேட் செய்யட்டுமா என்ற கேள்வியும் மறுபடி வரலாம். சேர்ந்து வேலை செய்யத்தானே ஒரே டிஸ்க்? இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

"மேக்கில் என்.டி.எஃப்.எஸ். எழுத வைக்கும் மென்பொருள் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்." கிடைக்கிறது. வாங்கியவன் மேக்கில் வேலை செய்யும். நாளைக்கு டிஸ்க் மூன்றாவது ஆளிடம் போனால்? அவனும் வாங்க வேண்டுமா?

"இந்தக் காலத்தில் எதுக்கு டிஸ்க், எல்லாம் கிளவுடில் போடு டீச்சர்." வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போடுவோம். 500 ஜி.பி. சாம்பிள். வீட்டு இணையம் நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலேற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். மொத்தம் 40 லட்சம் மெகாபிட். 20ஆல் வகுத்தால் 2 லட்சம் நொடி. ஏறக்குறைய 55 மணி நேரம், இரண்டேகால் நாளுக்கு மேல். நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். சின்னத் தொகுப்புக்குக் கிளவுட் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. பெரிய தொகுப்புக்குப் பையில் போட்டு ரயிலில் எடுத்துப் போவதுதான் இன்றைக்கும் வேகம்.

"எல்லோரும் மேக் வாங்கிக்கொள்ளட்டும்" என்று ஒருவர் சொன்னார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டூடியோக்களில் மேக் இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அங்கே பலர் வேலை செய்யும் லாஜிக் என்ற மென்பொருள் முதலில் எமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையது. விண்டோஸிலும் ஓடியது. 2002இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து லாஜிக் வேண்டுமென்றால் மேக்தான். சரி. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முதல் கம்ப்யூட்டர் எது என்று எனக்குத் தெரியும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்ததுதான். அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த லேப்டாப்பில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இலவச மென்பொருளில் தாளம் போட்டுப் பழகியவன்தான் என் விண்டோஸ் மாணவன். அவன் அப்பா பெயின்ட் வேலை செய்கிறவர். மேக் ஃபார்மேட்டில் டிஸ்க் கொடுப்பது என்றால், அவனைப் பொறுத்தவரை "உனக்கு இங்கே வேலை இல்லை" என்று வாயால் சொல்லாமல் சொல்வது. கொடுத்தவன் மனசில் அப்படி ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். வாசல்படி உயரம் ஏறி வருகிறவனுக்குத்தான் தெரியும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. வயதில் மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். 2000 வாக்கில் நீங்கள் தமிழில் மெயில் அனுப்பினால் எனக்குக் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் "அ" வேறு எண்ணில் உட்கார்ந்திருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பேசி டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் டிஸ்கி என்ற முறை ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் யூனிகோட் பரவிய பிறகுதான் நான் எழுதுவது துபாயில் இருப்பவன் போனிலும் அப்படியே தெரிகிறது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. அவரவர் எழுத்துரு அழகாகத்தான் இருந்தது. அடுத்தவருக்குப் படிக்க முடியாத அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இசைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். 1980 வாக்கில் ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கீபோர்டோடு பேசாது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககேஹாஷி, இரண்டு பேரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள். மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு மிடி என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. அந்த வேலைக்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. நம் சாம்பிள் பிள்ளைகள் தினமும் தொடுகிற கீபோர்டு அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தனிக்குடித்தனம்?

டிஸ்குக்கும் ஒரு பொது முறை உண்டு. எக்ஸ்ஃபேட் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. மேக்கில் 2010 முதல் படிக்கவும் எழுதவும் முடிகிறது. 2019இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக் குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸுக்குள்ளும் சேர்ந்துவிட்டது. உங்கள் கையடக்க ரெக்கார்டரில் போடும் 64 ஜி.பி. கார்டு இருக்கிறதே, அதற்கு உரிய ஃபார்மேட்டும் இதேதான். பணம் கொடுக்க வேண்டியதில்லை. கைமாறும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய ஃபேட் 32 வேண்டாம், அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் பதிந்தால் நொடிக்கு 2,88,000 பைட். 4 ஜி.பி. நிறைய நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். விடிய விடிய நடக்கிற தெருக்கூத்தைப் பதியப் போகிறவர்களுக்கு இது முக்கியம். வேவ் ஃபைலுக்கே அந்த 4 ஜி.பி. வரம்பு உண்டு என்பதால் எப்படியும் துண்டு துண்டாகத்தான் பதிய வேண்டியிருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

எக்ஸ்ஃபேட்டைக் கொண்டாடவும் மாட்டேன். அதற்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி முதலில் சிட்டாவில் கிறுக்கிக்கொண்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார். நடுவில் கரண்ட் போனாலும் சிட்டாவைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். என்.டி.எஃப்.எஸ்., எச்.எஃப்.எஸ். பிளஸ் இரண்டும் அப்படிச் சிட்டா எழுதுகிறவை. எக்ஸ்ஃபேட் நேராகப் பேரேட்டில் எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் கணக்கே குழம்பிப்போகலாம். ஆகவே எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பதெல்லாம் காரணம் இல்லை. அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எக்ஸ்ஃபேட் டிஸ்க் ஒரு பை, அவ்வளவுதான். பையில் காய்கறி வாங்கி வருவோம், பையிலேயே வைத்துச் சமைக்க மாட்டோம். டிஸ்கிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முடித்ததைத் திருப்பி டிஸ்கில் போடுங்கள்.

ஃபார்மேட் செய்யும்போது "அலொகேஷன் யூனிட் சைஸ்" என்று ஒன்று கேட்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு ஃபைலுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதுதான் அது. அதை 1 எம்.பி. என்று வைத்தால் 40 கே.பி. பம்பை அடியும் 1 எம்.பி. இடத்தைப் பிடிக்கும். எவர்சில்வர் தூக்குக்கு ஒரு கடுகு என்று போட்டு அடுக்குகிற மாதிரி. பத்தாயிரம் சாம்பிள் 400 எம்.பி.யில் அடங்க வேண்டியது, 10 ஜி.பி. தின்னும். விண்டோஸில் ஃபார்மேட் செய்து 128 கே.பி. என்று கொடுங்கள், சாம்பிள்களுக்கு அது போதும். மேக்கும் அதைத் தடையில்லாமல் படிக்கும்.

அடுத்தது ஃபைல் பெயர். இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

"கொம்பு" என்று எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பில் நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்? ஒற்றைக்கொம்பு, க, கால். மூன்று துண்டு சேர்ந்தால் "கொ". யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதிவைக்க வழி இருக்கிறது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக ஒரு எண்ணில் வைக்கலாம். ஒற்றைக்கொம்புக்கு ஒரு எண், காலுக்கு ஒரு எண் என்று தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் ஃபைல் பெயரை எப்போதும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்த குறியாக விழும். விளைவு என்ன தெரியுமா? ஃபோல்டரில் "கொம்பு" கண்ணெதிரே இருக்கிறது, சாம்பிளைத் தேடும் மென்பொருள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து "கொம்பு கிடைக்கவில்லை" என்று சொல்லக்கூடும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. பம்பைக்கும் உடுக்கைக்கும் இந்தத் தொல்லை இல்லை, கொம்புக்கும் "கௌரி காளத்துக்கும்" உண்டு. மேக்கில் பெயரில் கேள்விக்குறியோ நட்சத்திரமோ போட முடியும். விண்டோஸ் அவற்றை ஏற்காது. லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு ஃபைலாகிவிடும்.

அதனால் ஃபைல் பெயரைச் சின்ன ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சரா இப்படிச் சொல்வது?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். ஃபைல் பெயர் ரேஷன் கடைச் சீட்டு எண் மாதிரி, ஆள் பெயர் இல்லை. ஆள் பெயரைத் தமிழில் எழுத வேறு இடம் இருக்கிறது, சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு சில்லறை விஷயங்கள். மேக்கிலிருந்து எழுதிய எக்ஸ்ஃபேட் டிஸ்கை விண்டோஸில் திறந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் புள்ளி, அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு குட்டி ஃபைல் தெரியலாம். வைரஸ் இல்லை. மேக் தன் சொந்தக் குறிப்புகளை அதில் வைத்துக்கொள்கிறது. அதில் ஒலி ஒன்றும் இல்லாததால் மென்பொருள் திறக்க முயன்று திணறும், அவ்வளவுதான். இரண்டாவது, விண்டோஸ் டிஸ்கை எழுத்தால் அடையாளம் காண்கிறது. நேற்று ஈ, இன்று எஃப் என்று மாறினால் மென்பொருள் எல்லா சாம்பிளையும் காணோம் என்று சொல்லும். மேக் டிஸ்கின் பெயரால் அடையாளம் காண்கிறது. ஆகவே விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மெண்டுக்குப் போய் அந்த டிஸ்குக்கு நிரந்தரமாக ஒரு எழுத்தைக் கொடுத்துவிடுங்கள், டிஸ்கின் பெயரை யாரும் மாற்றாதீர்கள். வேவா, ஏ.ஐ.எஃப்.எஃப். ஆ என்ற சண்டை தேவையில்லை. இரண்டையும் இன்றைக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். எம்.பி.3 மட்டும் வேண்டாம், அது ஒலியைக் குறைத்து எழுதுகிறது.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். எந்த எண், எந்த வாத்தியம், யார் வாசித்தது, எந்த ஊர், எந்தத் தேதி, எல்லாவற்றையும் நல்ல தமிழில் முழுசாக எழுதுங்கள். அதைக் காகிதத்தில் அச்செடுத்து டிஸ்க் டப்பாவுக்குள் மடித்து வையுங்கள். டப்பா மேல் "எக்ஸ்ஃபேட்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வகுப்பில் நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டாத பிள்ளையை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதைவிட முக்கியமானது, பதிவைத் தொடங்கும்போதே வாயால் சொல்லுங்கள். "இன்றைக்கு இன்ன தேதி, இன்ன ஊர், கொம்பு வாசிப்பவர் இன்னார்." முடிந்தால் வாசிக்கிறவரையே சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நொடி ஆகும். சாம்பிளாக வெட்டும்போது அதை நீக்கிக்கொள்ளலாம், ஆனால் வெட்டாத மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள். டிஸ்கின் கணக்கு அழிந்து ஃபைல் பெயர் போனாலும் ஒலிக்குள் இருக்கிற பெயர் அந்த ஒலி மீளும்போது கூடவே வந்துவிடும். அந்தப் பெரியவர் ஒருமுறை தன் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தப் பையன்கள் இத்தனை ராத்திரி உட்கார்ந்து இருமலைத் தேட வேண்டியதில்லை. அவர் மகளுக்கும் பதில் சொல்லியிருக்கலாம்.

மூலப் பதிவு மொத்தம் மூன்று இடத்தில் இருக்கட்டும். உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த ஃபார்மேட்டில் உங்கள் வீட்டில் ஒன்று, நண்பன் கம்ப்யூட்டரின் ஃபார்மேட்டில் அவன் வீட்டில் ஒன்று, கைமாறும் எக்ஸ்ஃபேட் டிஸ்க் மூன்றாவது. இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பார்த்தவர்கள் நாம். கீழ்த்தட்டில் வைத்த ஆல்பம், பத்திரம், டிஸ்க் எதுவும் தப்பவில்லை. மாடி வீட்டுச் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், அங்கே ஒன்றைக் கொடுத்து வையுங்கள். "இன்னொரு டிஸ்குக்குக் காசு இல்லை டீச்சர்" என்கிறவன் போன மாதம்தான் புது மைக் வாங்கியிருக்கிறான். இரண்டாவது டிஸ்கை முதலில் வாங்கு தம்பி, மைக் அப்புறம்.

ஏற்கெனவே மேக் ஃபார்மேட்டிலோ என்.டி.எஃப்.எஸ்.ஸிலோ நிறைய சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு உடனே அந்த டிஸ்கை எக்ஸ்ஃபேட்டாக மாற்றப் போகாதீர்கள். ஃபார்மேட் மாற்றினால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, நாலைந்து ஃபைலைத் திறந்து கேட்டுப் பார்த்து, அதன் பிறகு மாற்றுங்கள். பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பேரன் லேப்டாப் விண்டோஸ், எதிர்வீட்டுப் பெண்ணிடம் மேக் இருக்கிறது, கேட்டால் கொடுப்பாள். இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடலாம். வரும்போது காலி டிஸ்க் ஒன்றும் கொண்டுவர வேண்டும். வெறும் கையோடு வந்தால் வெண்டைக்காய் மட்டும்தான் கொடுத்து அனுப்புவேன்.